நாலு நொடி, மூணு பொட்டு

மணிக்கு நூற்றுப் பத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு போலீஸ்காரர் உங்கள் நம்பர் பிளேட்டைக் குறிபார்த்து லேசர் துப்பாக்கியை அமுக்குகிறார். பிரேக்கில் கால் வைக்க உங்களுக்கு எத்தனை நொடி கிடைக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்?

ஒரு நொடிகூடக் கிடைக்காது. நீங்கள் 'ஐயோ' என்று நினைப்பதற்குள் அவர் கையில் உங்கள் வேகம் எண்ணாக வந்திருக்கும். நான் வேலை பார்த்த வண்டியாக இருந்தால் நாலு நொடி கிடைக்கும். அந்த நாலு நொடியை மாட்டிக் கொடுத்துத்தான் நாலரை வருடம் சாப்பிட்டேன்.

இப்போது ரிட்டையர்டு. வயது இருபத்தேழு. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். தொழிலை விட்டவன் எந்த வயதில் விட்டாலும் ரிட்டையர்டுதான். போன வாரம் ஹைதராபாத் உப்பலில் என் பழைய கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பேர் மெயில் அனுப்பியிருந்தார்கள். கடையில் இப்போது பாதி வேலை ஐ.டி. கம்பெனி வேன்களுக்கு வேகத்தைக் கட்டிப்போடும் கருவி மாட்டுவது. லேசர் ஜாமர் கேட்டு வருவது அபூர்வம். அப்படி ஒன்று வந்திருக்கிறது. "அண்ணா, ஹெட்டை எங்கே வைக்கணும்? மேனுவல் புரியலை" என்று கேட்டிருந்தார்கள். ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் அந்த ஒரு வரியை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று தெரியாமல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

என் படிப்பு இ.சி.இ., ஊர் திருநெல்வேலி. கேம்பஸில் வேலை கிடைத்து ஹைதராபாத்தில் பெட்டியோடு வந்து இறங்கிய பிறகு கம்பெனிக்காரர்கள் சேரும் தேதியைத் தள்ளிவைத்தார்கள். அப்புறம் இன்னொரு முறை தள்ளினார்கள். அறைத் தோழன் பைக்குக்கு அலாரம் மாட்ட உப்பல் போனபோது துணைக்குப் போனேன். அலாரம் தப்பாக வேலை செய்தது. ஏன் என்று கடைக்காரரிடம் நான் விளக்கினேன். 'அவ்வளவு தெரியும்னா நாளைக்கு வா' என்றார் அவர். போனேன். முதல் ஆறு மாதம் வயருக்குத் துணி டேப் சுற்றினேன். அடுத்த ஆறு மாதம் கதவு பேனல் கழற்றினேன். பயிற்சி முடிந்தது.

அந்தக் கடைக்காரர் ஸ்டெல்லாக்கா. என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். லாலாகுடா ரயில்வே காலனித் தமிழ்க் குடும்பம், அப்பா ஒர்க்‌ஷாப்பில் வயர்மேன். அவர் தமிழில் பாதிக்குப் பாதி ஊர்ச் சரக்கு கலந்திருக்கும். 'வேண்டாம்' என்று அவர் சொல்லிக் கேட்டதேயில்லை, 'நக்கோ'தான். 'ஆமாம்' என்றால் 'ஹவ்', 'ஏன்' என்றால் 'கைக்கு', 'டா' என்றால் 'ரே'. என் திருநெல்வேலித் தமிழைக் கேட்டு முதல் வாரம் முழுக்க, "நீ பேசுறது தமிழ்தானா ரே?" என்று கேட்டார்.

கத்தவே மாட்டார். கோபம் வந்தால் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் 'ங்க' போட்டுப் பேசுவார். 'மாரி, இங்க வா ரே' என்றால் டீ வந்திருக்கிறது என்று அர்த்தம். 'மாரியப்பன், கொஞ்சம் வாங்க' என்றால் போவதற்கு முன் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும்.

கடைக்கு ஒரு சட்டம் உண்டு. கம்பெனியில் போட்டு வந்த வயரை வெட்டக் கூடாது. கரண்ட் வேண்டுமென்றால் ஃபியூஸ் பெட்டியிலிருந்து கிளை எடு, வயர் வேண்டுமென்றால் புதிதாக இழு. எது வேண்டுமானாலும் செய், கட்டர் மட்டும் கம்பெனி வயர் பக்கம் போகக் கூடாது. மீறி வெட்டிவிட்டால், வெட்டினவனே வண்டிக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அக்கா சொல்ல மாட்டார். மற்ற கடைகளில் வெட்டி, ஒட்டி, டேப்பைச் சுற்றி மறைத்துவிடுவார்கள். எங்கள் கடையில் மறைக்க ஒன்றுமில்லை என்பதுதான் எங்கள் பெயர்.

ஐ.டி. காசு ஊருக்குள் வெள்ளமாகப் பாய்ந்த காலம் அது. இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் வண்டிகள் திடீரென்று தெருவில் தென்பட ஆரம்பித்தன. அமெரிக்காவில் இருந்து திரும்பினவர்கள் சூட்கேஸில் ரேடார் டிடெக்டரும் ஜாமரும் கொண்டுவந்தார்கள். டிடெக்டர் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து, எதிரில் ரேடாரோ லேசரோ அடித்தால் கத்தும். அவ்வளவுதான் அதன் வேலை. ஜாமரின் கண்கள், அதாவது ஹெட்டுகள், முன்பக்கக் கிரில்லில் உட்கார்ந்து, லேசர் பட்டதும் திரும்ப ஒளியை அடித்து, துப்பாக்கிக்கு எண் கிடைக்காமல் குழப்பும்.

ரேடார் டிடெக்டர் இந்த ஊரில் சும்மா என்று அக்கா எல்லாரிடமும் முகத்துக்கு நேராகச் சொல்வார். இங்கே பிடிப்பது பெரும்பாலும் லேசரில். டிடெக்டர் கத்துவது ஷாப்பிங் மால் தானியங்கிக் கதவைப் பார்த்து. காஞ்சன்பாக் பக்கம் குடியிருந்த ஒருவர், மாட்டிய மறுநாளே திரும்பி வந்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அலறுகிறது, சரக்கு கெட்டது, கழற்று என்றார். அக்கா அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து அந்த வழியே போய்வந்தார். ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தின் நீளமான காம்பவுண்டுச் சுவர் தொடங்கிய இடத்தில் அலற ஆரம்பித்து, முடிந்த இடத்தில் நின்றிருக்கிறது.

"அண்ணா, இதுல ஒரு கோளாறும் இல்ல. சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன வச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. ஆனா உங்க வண்டியப் புடிக்கிறதுக்கு வைக்கல. அது ஆகாசத்துல போறதப் புடிக்கிறது. நீங்க இன்னும் அந்த ஸ்பீடு வரல" என்றார். வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் மறுநாள் அதே வழியில் போய், எங்கெங்கே கத்துகிறது என்று ஒரு வரைபடம் போட்டுவைத்தேன். அப்புறம் வந்தவர்கள் எல்லாருக்கும் டிடெக்டரோடு அதன் ஜெராக்ஸும் கிடைத்தது.

ஜாமர் விஷயத்தில் அக்காவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ஜாமரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் நேரக் கெடு வைக்கலாம். லேசர் பட்டு, நாலு நொடி குழப்பிவிட்டு, ஜாமர் தானாக அணைந்துவிடும்படி வைப்பார். "நாலு செகண்டுல பிரேக் அடிச்சா தப்பிச்ச. அடிக்கலன்னா மாட்டு. மாட்டத்தான் வேணும்" என்பார். நேரத்தை எடுத்துவிடச் சொன்னவர்களை வாசலோடு அனுப்பியிருக்கிறார்.

பிரசன்னா அப்படிக் கேட்காத ஆள். சென்னைக்காரர், கச்சிபவுலியில் பெரிய வேலை, மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருந்தார்கள். எட்டு வண்டிக்கும் ஜாமர் மாட்ட மும்பையிலிருந்து ஆள் வரவழைப்பதாகப் பேச்சு. உப்பலில் தகர ஷெட்டில் ஒரு லேடி மாட்டுகிறார் என்று பிரசன்னா சொன்னபோது கிளப்பில் சிரித்திருக்கிறார்கள். அதை என்னிடம் அவர் வந்து சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. "முதல்ல உங்க வண்டில மாட்டுறோம். நீங்களே துப்பாக்கி கொண்டாந்து எல்லார் முன்னாடியும் அடிச்சுப் பாருங்க. ஒரு நம்பர் வந்துச்சுன்னா நான் இந்தத் தொழிலையே விட்டுருதேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அக்கா பின்னால் நிற்பதைப் பார்த்தேன்.

பிரசன்னா போனதும் அக்கா சொன்னார்: "வாய் உன்னுது. பேரு என்னுது. ஞாபகம் வச்சுக்கோ."

அந்த வண்டியில் நான் செய்த வேலையைப் போல் அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தேன். ஏர்பேக் கரண்ட் முழுதாக இறங்க வேண்டும். பம்பரை இறக்கிப் போர்வை மேல் வைத்தேன். இப்போது அந்தப் புதியவர்கள் கேட்ட கேள்வி வருகிறது. லேசர் துப்பாக்கிக்காரர் எங்கே குறிவைப்பார்? திருப்பி ஒளி நன்றாக அடிக்கிற இடத்தில். அதாவது நம்பர் பிளேட், இரண்டு ஹெட்லைட். அவற்றுக்குப் பக்கத்திலேயே ஹெட் இருக்க வேண்டும். ஹெட்லைட்டுக்குக் கீழே கறுப்புக் கிரில்லில் பக்கத்துக்கு ஒன்று, நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒன்று, ஆக மூன்று வைத்தேன். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை ஒவ்வொன்றின் மேலும் வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்வரை திருகினேன். ஹெட் ஒரு நூல் சாய்ந்தாலும் ஒளி வானத்துக்குப் போய்விடும். வயரைக் கம்பெனி வயர்க்கற்றை போகிற பாதையிலேயே கொண்டுபோய், ஒரு ஜாண் விட்டு ஒரு ஜாண் துணி டேப் சுற்றினேன். டிடெக்டருக்கும் ஜாமருக்கும் ஒரே ஃபியூஸிலிருந்து கரண்ட். ஹெட்டுகளுக்கு மேட் கறுப்பு அடித்தேன். பம்பரைத் திரும்ப ஏற்றியபோது எங்கே இருக்கின்றன என்று நானே தேட வேண்டியிருந்தது. அக்கா இரண்டு முறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஹவ்" என்றார். என் வாழ்க்கையில் வாங்கிய பெரிய சான்றிதழ் அது.

சனிக்கிழமை கடை வாசலில் சோதித்தோம். பிரமாதம். ஞாயிறு காலை கிளப் சோதனை. இன்னும் திறக்காத ஒரு அவுட்டர் ரிங் ரோடு துண்டில் அனுமதி வாங்கியிருந்தார்கள். அக்கா சர்ச் முடிந்து ஸ்கூட்டியில் வருவதாக ஏற்பாடு. நான் பிரசன்னாவோடு கடையிலிருந்தே வண்டியில் போக வேண்டும்.

கிளம்பும்போது பிரசன்னாவுக்குச் சென்னையிலிருந்து அம்மாவின் போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"புதுசா என்னமோ மாட்டியிருக்கேன்னியே, பூஜை போட்டியாடா?"

"கடையிலேயே போட்டாச்சும்மா."

"போட்டோ அனுப்பு."

பிரசன்னா என்னைப் பார்த்தார். "மாரி, கும்புட்டு ஒரு பொட்டு வச்சிடு மச்சி. போட்டோ எடுத்து அனுப்பலேன்னா விட மாட்டாங்க."

என் டூல் பையில் வெள்ளிக்கிழமைச் சந்தனமும் குங்குமமும் எப்போதும் இருக்கும். குழைத்தேன். ஹெட்லைட்டில் வைக்கப் போனேன்.

"லைட் மேல வேணாம், கறை புடிக்கும். பெயின்ட் மேல சுத்தமா வேணாம். கீழ கறுப்பா இருக்கில்ல, அதுல வை. சமமா வை, போட்டோவுல தெரியணும்."

வைத்தேன். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒன்று. நன்றாகக் கெட்டியாக, நடுவில் குங்குமத்தோடு. அம்மா திருப்தி.

ரிங் ரோட்டில் கிளப் மொத்தமும் நின்றது. லேசர் துப்பாக்கி கிளப்காரர் கிரண் கையில். மும்பை ஆள் யோசனை அவருடையதுதான். பிரசன்னா போய்த் திரும்பி வேகமெடுத்து வந்தார். நான் பக்கத்து சீட்டில். கிரண் அமுக்கினார். டிடெக்டர் ஒரு தடவை கத்தியது. ஜாமர் வாயே திறக்கவில்லை.

"நூத்திப் பன்னெண்டு" என்றார் கிரண். பிறகு தெலுங்கில், "பாபு, இது ஜாமரா, நைட் லாம்ப்பா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுபடி ஓட்டினோம். நூற்றுப் பதினாறு. ஜாமர் பெட்டியைத் தன்னையே சோதிக்கச் சொன்னேன். மூன்று பச்சை விளக்கும் எரிந்தது, எல்லாம் சரி என்றது. பச்சையைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பதறியது. மூளை வேலை செய்யாதபோது கை வேலை செய்யும். கிரவுண்டு வயர் சரியில்லை என்று முடிவுகட்டினேன். சக்கரத்துக்கு மேலுள்ள மூடியைக் கழற்றி, கம்பெனிக் கற்றையின் டேப்பை உரித்து, ஒரு பழுப்பு வயரைப் பிடித்தேன். என் மனசுக்குள் அது என் வயர் ஆகிவிட்டிருந்தது. கட்டரை வைத்து அமுக்கினேன். டக்.

வலப்பக்க ஹெட்லைட் அணைந்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. அதே நேரத்தில் ஸ்கூட்டி வந்து நின்றது.

அக்கா சர்ச்சுக்குக் கட்டிய பட்டுப் புடவையில் இருந்தார். கூட்டத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த கட்டரைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன், கட்டர் வரைக்கும்.

"மேல டிடெக்டர் கத்துச்சா?"

"ஒரு தடவை கத்துச்சுக்கா."

"ரெண்டுக்கும் கரண்ட் எங்கருந்து வருது?"

"ஒரே ஃபியூஸ்தான்."

"ஹவ். மேல இருக்கறது பாத்துச்சு. கீழ இருக்கறது பாக்கல. பெட்டி நல்லாருக்குன்னு பச்ச காட்டுது. பெட்டி வயரத்தான் பாக்கும், கண்ணுக்கு முன்னாடி என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அப்புறம் கைக்கு ரே வயர வெட்டுன?"

அவர் புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மாரியப்பன், கொஞ்சம் வாங்க."

மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

"இது என்னங்க?"

"சந்தனம்."

"எது மேல வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் பார்த்தேன். இருபத்து நாலு மணி நேரத்துக்கு முன் என் கையால் ரசமட்டம் வைத்துப் பொருத்திய மூன்று ஹெட்டின் மேலும் மூன்று பொட்டு, காய்ந்து கெட்டியாகி, நடுவில் சிவப்பாக. போலீஸ் குறிவைக்கும் இடமும் நாம் பொட்டு வைக்கும் இடமும் ஒன்றே. அந்த இடத்தில் ஹெட்டை வைத்தவனும் நான், பொட்டை வைத்தவனும் நான். பழகின விரல், கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவேயில்லை.

கிளப்காரர்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். யாருக்கும் விஷயம் தெரியாது. நான் குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "அக்கா, தொடச்சிருதேன். கனெக்டர் லூஸா இருந்துச்சுன்னு சொல்லிருவோம்."

அக்கா தன் கர்ச்சீப்பை எடுத்து என் கையில் வைத்தார். "சொல்லலாங்க. அப்ப உப்பல் லேடி கனெக்டர லூஸாத்தான் மாட்டுவான்னு ஆயிடும். அத எட்டுப் பேரும் நாளைக்கே எண்பது பேர்கிட்ட சொல்லுவாங்க. சந்தனம் வச்சு மறந்துட்டான்னு சொன்னா, பையன் லூஸுன்னு சிரிப்பாங்க. வேல லூஸுன்னு சொல்ல மாட்டாங்க. எது வேணும்னு நீங்களே பாருங்க. வயரு வெட்டுனது தனி, அது நீங்கதான் சொல்லணும். தொடைக்காதீங்க. முதல்ல சொல்லுங்க."

எழுந்து போனேன். பத்தடியை நடக்க எனக்கு நாலு நொடிக்கு மேல் ஆனது. கிரண் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். ஜாமர் நன்றாக இருக்கிறது, அதன் கண்ணில் நான் பொட்டு வைத்துவிட்டேன் என்றேன். ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. கிரண் போய்க் குனிந்து பார்த்தார். அவர் சிரித்த சிரிப்பில் துப்பாக்கி கீழே விழப்பார்த்தது. போனில் மூன்று பொட்டையும் தனித்தனியாகப் படம் எடுத்தார்.

அப்புறம் பிரசன்னாவிடம் திரும்பி, வயரை வெட்டியதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"என் வண்டி வயர நீ வெட்டினியா?"

"ஆமா சார். வெட்டியிருக்கக் கூடாது. பதட்டத்துல வெட்டிட்டேன்."

"காலைலேர்ந்து மச்சின்னு கூப்புட்டேன்டா உன்ன."

அக்கா உதவிக்கு வரவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து வெட்டுப்பட்ட முனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டி டிக்கியிலிருந்து கேஸ் சால்டரிங் குச்சியை எடுத்து, அங்கேயே, பட்டுப் புடவையோடு, தரையில் உட்கார்ந்து ஒட்டினார். ஹெட்லைட் எரிந்தது. மஞ்சள் விளக்கு போனது. பிறகு பிரசன்னாவிடம் சொன்னார்: "வண்டி ஓடும், பயம் இல்ல. ஆனா இது இனிமே கம்பெனி வயர் இல்ல, ஒட்டுப்போட்ட வயர். நாளைக்கு வித்தீங்கன்னா வாங்குறவர்ட்ட சொல்லிடுங்க."

பிரசன்னா சாவியை எடுத்துக்கொண்டு ஏறினார்.

நான் பொட்டுகளைத் துடைத்தேன். வண்டி போய்த் திரும்பி வந்தது. கிரண் அமுக்கினார். துப்பாக்கியில் எண் வரவில்லை, பிழை என்று காட்டியது. நொடியை எண்ணினேன்: இரண்டு, மூன்று, நாலு. ஜாமர் அணைந்தது. பிரசன்னா பிரேக்கை அழுத்தியிருந்தார். எண் வந்தது: ஐம்பத்தெட்டு. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கிரண் மட்டும் கேட்டார், நாலு நொடியில் ஏன் அணைகிறது, அதை எடுத்துவிட முடியாதா என்று.

"நக்கோ" என்றார் அக்கா. "அஞ்சாவது செகண்டு வேணும்னா மும்பைக்குப் போன் போடுங்க."

மூன்று பேர் போன் போட்டார்கள். மீதி நாலு வண்டி எங்களிடம் வந்தது. கடைசியாக வந்தது கிரணுடையது.

நம்பர் வந்தால் தொழிலை விடுவதாகச் சொன்னதற்கு அக்கா 'நக்கோ' என்றுவிட்டு என் கட்டரை வாங்கிவைத்துக்கொண்டார்; எனக்கு இரண்டு மாதம் மறுபடி துணி டேப். நான் குறைசொல்லவில்லை. டேப் சுற்றுவதில் இன்றைக்கும் இந்த ஊரில் என்னை அடிக்க ஆளில்லை. மூன்றாவது மாதம் ஒரு காலை, "மாரி, இங்க வா ரே" என்று அக்கா கூப்பிட்டு என் கட்டரைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் முடித்த வண்டிகளை யாராவது பம்பரை இறக்கிப் பார்க்கட்டும். ஒரு கம்பெனி வயரில்கூட என் கட்டர் பட்டிருக்காது.

கிரண் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியது. உப்பலில் வந்து இறங்குகிறவர்கள் கடைப் பெயரைச் சொல்லாமல், 'பொட்டு ஷாப் எக்கட?' என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஆட்டோக்காரர்கள் நேராகக் கொண்டுவந்து விட்டார்கள்.

ஆக, கேட்டவர்களுக்குப் பதில்: பொட்டு வைக்கக் கை எங்கே போகிறதோ அங்கே ஹெட்டை வையுங்கள். வைத்த பிறகு பொட்டை டாஷ்போர்டில் வையுங்கள்.

கடைப் பெயர்ப் பலகைக்கு இந்த மாதம் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இப்போது அதில் தெலுங்கில் 'பொட்டு ஷாப்' என்று மட்டும்தான் இருக்கிறது.